இணைப்பு: கடிதம் ஒன்று, பக்கம் நான்கு

பிப்ரவரி 3

அன்புள்ள ஊசிமிளகாய்க்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். அவருடைய முழங்கால் கொஞ்சம் தேவலை. பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு வந்ததும் காலைத் தூக்கி நாற்காலியில் போட்டுக்கொண்டு, கிளட்சைத் திட்டிக்கொண்டே ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? ஒன்பது தையல் மெஷினையும் நீயே ஓட்டுவதுபோல் குனிந்தே கிடக்காதே.

எனக்குப் புது நாற்காலி கிடைத்திருக்கிறது. நாற்காலி என்னவோ பழையதுதான், ஒரு கை ஆடுகிறது. உட்காரும் இடம்தான் புதிது. நகரத் துப்புரவுத் துறையில் பதினெட்டு வருடமாக வருகிற கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்திக்கொண்டிருந்தவளைக் கொள்முதல் குழுவுக்குச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். இந்த வருடத்திலிருந்து துறை எதை வாங்கினாலும், எதற்காக, யாரிடமிருந்து, என்ன விலைக்கு, வேறு யாரெல்லாம் தருகிறேன் என்றார்கள், அவர்களை ஏன் விட்டோம் என்று எல்லாவற்றையும் துறையின் இணையப் பக்கத்தில் போட்டாக வேண்டும். தெருவில் போகிற யாரும் திறந்து படிக்கலாம். முதல் வேலை, தூய்மைப் பணியாளர்களுக்கு நாலாயிரம் மழைக்கோட்டு.

பழைய ஃபைல்களைப் பிரித்தேன். பதினோரு வருடமாக ஒரே கான்ட்ராக்டர். ஏன் வேறு யாரும் வரவில்லை என்று பக்கம் பக்கமாகப் புரட்டியதில் ஒரு வரி கண்ணில் பட்டது: ‘பொத்தான் ஆறு. ஒவ்வொன்றிலும் நங்கூரம் பொறித்திருக்க வேண்டும்.’ பிரிவு அதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

“சார், இந்த நங்கூரம் எதுக்கு?”

“அது எப்பவும் இருக்கிறதும்மா.”

“நம்ம ஆளுங்க குப்பை வண்டியிலதானே சார் போறாங்க, கப்பல்லயா போறாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, “அந்தப் பொத்தான் ஒருத்தர்கிட்டதாம்மா இருக்கு” என்றார். சிவப்புப் பேனாவை அவரே எடுத்து என்னிடம் நீட்டினார். அடித்தேன். பதினெட்டு வருடத்தில் இந்தக் கை செய்த வேலைகளிலேயே இதுதான் பெரிய வேலை என்று தோன்றுகிறது. வீட்டுக்கு வரும்வரை நடக்கிறேனா ஓடுகிறேனா என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்து வலி போய்விட்டது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், அதனால் இருக்கிறது என்றே எழுதுகிறேன். மற்றபடி கூடத்தில் எல்லோரும் சுகம். அண்ணன் முழங்காலுக்கு ஒரு உறை தைத்து அனுப்புகிறேன், போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை டீ வேளையில் உரக்கப் படித்தேன். போனில் பேசினால் மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. கடிதம் என்றால் எல்லோருக்கும் கேட்கும். நங்கூரம் வந்த இடத்தில் கட்டிங் அக்கா வாயிலிருந்த டீயை அப்படியே புதிதாய்த் தைத்து வைத்த ஸ்கூட்டர் உறைமேல் துப்பிவிட்டாள். சிரிப்பு அடங்கக் கால் மணி ஆயிற்று. அடங்கிய பிறகு அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “மழைக்கோட்டுங்கிறது என்ன பெரிய விஷயம்? நாம ஆறு வருஷமா இதத்தானே தைக்கிறோம், கை மட்டும் வைக்கல.”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான் அண்ணி. ஊசி இறங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். தையலுக்கு உள்பக்கம் சூட்டில் டேப் ஒட்டினால் வராது. ஸ்கூட்டர் உறை, கடைக்குப் போடும் தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். இரண்டு வருடம் முன்னால் இங்கே உள்ள அரசு அலுவலகத்தில் தார்ப்பாய் டெண்டருக்குப் போனேன். முதல் நாள், காலை பத்து மணி, கதவு திறந்ததும் முதல் ஆள் நான். அங்கே இருந்தவர் தலை நிமிராமல், “ஃபாரம் தீந்துபோச்சு” என்றார். பத்து மணிக்கே எப்படித் தீரும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் நல்ல நல்ல பதிலாக நாக்கில் வந்தது.

எங்களைப்போல ஒன்பது மெஷின் வைத்திருப்பவர்கள் உங்கள் டெண்டருக்கு வரலாமா? வரக்கூடாது என்றால் வரக்கூடாது என்றே எழுதுங்கள். ஆசையை இப்போதே மடித்து வைத்துவிடலாம்.

அன்புடன்
ஊசிமிளகாய்


மார்ச் 6

அன்புள்ள ஊசிமிளகாய்க்கு,

சுகம். உறை வந்து சேர்ந்தது. உன் அண்ணன் அதைக் கழற்றுவதே இல்லை, குளிக்கும்போதுகூடக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில்: யாரும் வரலாம். ஃபாரம் தீரவே தீராது, ஏனென்றால் அது தாளே இல்லை, இணையப் பக்கத்தில் இருக்கும். மார்ச் இருபதாம் தேதி அறிவிப்பு வரும். நாலாயிரத்தையும் ஒருவரிடமே கொடுக்காமல் ஆயிரம் ஆயிரமாக நாலு பங்காகப் பிரித்திருக்கிறோம். சந்தேகம் எதுவானாலும் அதே பக்கத்தில் கேள்வியாகப் போடலாம். கேள்வியும் பதிலும் எல்லோர் கண்ணிலும் படும். என்னிடம் கேட்காதே, அங்கே கேள்.

போன வாரம் முழுக்க வண்டிகள் நிற்கும் முற்றத்தில்தான் இருந்தேன். பணிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், கோட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டு எழுதினேன். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி வந்து கேட்டால் ‘நல்லாருக்கு’ என்று சொல்லியே பழகியவர்கள். இரண்டாம் நாள் ஒரு பெண்மணி கோட்டை மாட்டிக்கொண்டு விளக்குமாற்றை ஓங்கிக் காட்டினாள். அக்குளில் பட்டென்று கிழிந்தது. “இதான் கஷ்டம்” என்றாள். அதோடு அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. “மழையில நனையறதவிட வேர்வையிலதாம்மா ஜாஸ்தி நனையறோம். முதுகுல காத்து போக ஒரு வழி வைங்க.” “இருட்டுல லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியற மாதிரி பட்டை வேணும்.” நாற்பத்து மூன்று குறை எழுதினேன். அத்தனையும் டெண்டர் விவரக்குறிப்பில் ஏறிவிட்டது. நங்கூரம் இருந்த இடத்தில் இப்போது அந்தப் பெண்மணியின் அக்குள் இருக்கிறது.

உன் அண்ணன் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி அவரிடமே பேசிக்கொள்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

அறிவிப்பைப் பார்த்துவிட்டோம். பதினாலு பக்கத்தையும் அச்செடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன். மெஷினில் இருந்து தலை நிமிர்ந்தால் எல்லோருக்கும் தெரியும். நேற்று ஒருத்தி நூல் கோக்கும்போது ‘ஒளிர்ப்பட்டையின் அகலம் ஐந்து சென்டிமீட்டர்’ என்று பாட்டாகவே பாடினாள். கழுத்து வலியாவது ஒன்றாவது, எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

ஒரு பங்குக்கு நாங்கள் போட்டியிடுகிறோம். முடிவாகிவிட்டது.

உங்கள் கேள்விப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டேன். ‘மாதிரிக் கோட்டின் மீது பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். மழை பத்து நிமிடத்தில் நின்றுவிடுமா? டேப் ஒட்டாத தையல்கூடப் பத்து நிமிடம் தாங்கும்.’ நாலே நாளில் பதில் வந்தது. ‘கேள்வி ஏற்கப்பட்டது. சோதனை ஒரு மணி நேரமாக மாற்றப்படுகிறது.’ அண்ணி, ஒரு அரசாங்கம் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறது. கட்டிங் அக்கா அந்த வரியைத் தன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

அண்ணன் போன் செய்தான். “உங்க அண்ணி அங்கதான் உக்காந்திருக்கா, நீ எதுக்குப் பயப்படுறே” என்றான். அதைக் கேட்டதும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. அதனால் கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். ஒரு கோட்டுக்கு என்ன விலை வரும் என்று துறை மதிப்பீடு போட்டிருக்குமே, அதைச் சாடையாகச் சொன்னாலும் போதும். அதிகமா குறைவா என்று ஒரு வார்த்தை. நமக்குள்தானே.

அண்ணன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது பிடிக்கிறதா?

அன்புடன்
ஊசிமிளகாய்


ஏப்ரல் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். உன் அண்ணனும் சுகம்.

டெண்டர் முடிவு வெளியாகும்வரை நான் உனக்குக் கடிதம் எழுதமாட்டேன். நீயும் எனக்கு எழுத வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது?

அண்ணிக்கு என்ன ஆயிற்று? ஆறு வரியில் ஒரு கடிதம் வந்தது. ஊசிமிளகாய் என்றுகூட எழுதவில்லை, நாத்தனார் என்று எழுதியிருக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் கேட்டது தப்பென்றால் நாலு வார்த்தை திட்டி எழுதியிருக்கலாம். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான். டீ வேளையில் எல்லோரும் ‘அண்ணி லெட்டர் வரலியா’ என்று கேட்கிறார்கள். தபால் சரியாக வருவதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாதிரிக் கோட்டு வேலை நடக்கிறது. மூன்று தைத்துப் பிரித்தாயிற்று. முதுகில் காற்று போகிற வழி வைத்தால் அதன் வழியாகத் தண்ணீரும் உள்ளே போகிறது. அதை மறைக்க ஒரு மடிப்பு வைத்தால் கோட்டு கூன் விழுந்த மாதிரி நிற்கிறது. நேற்று கட்டிங் அக்கா மடிப்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வெட்டினாள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கோட்டை மாட்டியவளைச் சுற்றி எல்லோரும் ஓடினோம். முதுகில் ஒரு சொட்டு இல்லை. இதை அண்ணிக்கு எழுத முடியாமல் கை துடிக்கிறது.

தங்கை


ஏப்ரல் 25

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது.

உன் அண்ணியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவளுக்குத் துறைதான் பெரிது, வீடு அப்புறம்தான். ஏன் என்று என்னிடம் கேட்காதே. நான் சொன்னால் அதற்கும் ஒரு ஃபைல் திறப்பாள். இப்போது வீட்டில் உப்பு வேண்டுமென்றால் நானே எழுந்து எடுத்துக்கொள்கிறேன்.

நீ கவலைப்படாதே. மார்ச் மாதம் அந்த மதிப்பீட்டை அவள் ஒரு நீல நோட்டில்தான் பென்சிலால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டு பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. நான் ஆயிரம் நாள் அந்த பீரோவைத் திறந்திருக்கிறேன், ஆயிரத்தோராவது நாள் திறந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மே பதினைந்துக்குள் விலை போட வேண்டுமாமே. பார்த்துச் சொல்லட்டுமா? உடனே எழுது.

அண்ணன்


மே 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே விழைகிறேன். நோட்டைப் பார்க்காதே.

நேற்று பழைய கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் எங்கள் கூடத்துக்கு வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. சுவரில் ஒட்டியிருந்த பதினாலு பக்கத்தையும் பார்த்துச் சிரித்தார். “இதெல்லாம் சும்மா ஊருக்குக் காட்டறதும்மா. உள்ள நம்ம ஆள் உக்காந்திருக்காரு. நீ எதுக்கு வீணா அலையறே? எங்களுக்கே தைச்சுக் கொடு, கூலி வாங்கிக்க” என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. கோபம் அவர்மேல் வரவில்லை. அதே வார்த்தையை நீ சொன்னபோது எனக்குத் தெம்பாக இருந்ததே, அதை நினைத்துத்தான் வந்தது. பத்து மணிக்கு ஃபாரம் தீர்ந்துபோன அன்றைக்கு உள்ளே யாரோ ஒருத்தியின் அண்ணன் உட்கார்ந்திருப்பான். இல்லையென்றால் எப்படித் தீரும்?

நான் அண்ணியிடம் கேட்டது தப்பு. நீ பார்த்துச் சொல்வதும் தப்பு. விலையை நாங்கள் ஒன்பது பேரும் உட்கார்ந்து போட்டுவிட்டோம். துணி, டேப், நூல், கூலி எல்லாம் சேர்த்து வந்ததுதான் விலை. போனால் போகட்டும்.

பீரோவைத் திறக்கிற வேலை இருந்தால் அண்ணிக்கு ஒரு நல்ல புடவை எடுத்து வைத்துக் கொடு.

தங்கை


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

முடிவு வெளியாகி இரண்டு நாள் ஆகிவிட்டது. இனி எழுதலாம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று இத்தனை நாள் யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தேன், அதனால் முதலில் அதையே கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் அண்ணி?

ஒரு பங்கு எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆயிரம் கோட்டு. எழுதும்போதே எழுத்து கோணுகிறது பாருங்கள்.

ஜூன் ஒன்பதாம் தேதி நடந்த சோதனையை வரிசையாகச் சொல்கிறேன். நானும் கட்டிங் அக்காவும் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம், மடித்தால் டேப்பில் கோடு விழும் என்று. உங்கள் முற்றத்தில் நல்ல கூட்டம். ஐந்து மரச் சட்டங்களில் ஐந்து கோட்டு மாட்டி, உள்ளே வெள்ளைப் பருத்திச் சட்டை போட்டிருந்தார்கள். மேலே துளையிட்ட குழாய். கோட்டில் யார் பெயரும் இல்லை, எண் மட்டும். எங்களுக்கு நாலு.

நான் கோட்டைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தேன். உங்கள் இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். உங்களைக் காணோம். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் லீவு போட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். அன்று எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் பற்றிக்கொள்ளும்.

தண்ணீரைத் திறந்தார்கள். முதல் கால் மணியில் ஒன்றும் தெரியவில்லை. அரை மணியில் இரண்டாம் எண் கோட்டின் விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கியது. கட்டிங் அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். விரலில் இரத்தம் நின்றுபோய் வெள்ளையாகிவிட்டது, சொல்லவும் தோன்றவில்லை. ஒரு மணி ஆனதும் குழாயை மூடிவிட்டு மூன்று பணியாளர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள்தான் கோட்டைக் கழற்றி உள்சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டாம் எண் சட்டையைத் தூக்கியபோது தோளிலிருந்து தண்ணீர் ஓடியது. நல்ல சட்டை போட்ட அந்த ஆள் கூட்டத்திலிருந்து நைசாக நழுவினார். அப்போதுதான் அது யாருடையது என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் எண் வந்தது. வயதான ஒரு பெண்மணி. கோட்டைக் கழற்றினாள். சட்டையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினாள். தோளைத் தடவினாள். பிறகு மேசையைப் பார்க்காமல் எங்கள் பக்கமாகத் திரும்பி, “காஞ்சு கெடக்கு” என்றாள். யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். இடது மணிக்கட்டில் மட்டும் ஒரு காசு அளவு ஈரம். அதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள், குறைக்க வேண்டியதுதான்.

ஊருக்குத் திரும்பும்போது உங்கள் வீட்டுக்கு வரவில்லை. வாசல்வரை வந்துவிட்டு அழாமல் போக முடியாது என்று தோன்றியது.

பதினெட்டாம் தேதி காலையில் முடிவு. கட்டிங் அக்கா போனில் திறந்தாள், நான் படிக்கப் படிக்க எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். யார் என்ன விலை, யாருக்கு எத்தனை மதிப்பெண், ஏன். எங்கள் விலை இரண்டாவது. எல்லாம் படித்து, குதித்து, ஒருத்தி ஓடிப்போய் கேக் வாங்கி வந்து, அதுவும் தீர்ந்த பிறகு கட்டிங் அக்கா சொன்னாள்: “இன்னும் பக்கம் இருக்கு பாரு.”

பக்கம் இருபத்தாறு. ‘குழுச் செயலாளரின் அறிவிப்பு. என் கணவரின் தங்கை இந்த டெண்டரில் பங்கேற்கவிருப்பதாக எனக்குக் கடிதம் எழுதியுள்ளார். ஆகவே இந்தக் கொள்முதல் முடியும்வரை குழுவிலிருந்து விலகி, என் முந்தைய பணிக்குத் திரும்புகிறேன். மதிப்பீட்டுக் குறிப்புகளை இன்றே ஒப்படைக்கிறேன். இணைப்பு: கடிதம் ஒன்று, பக்கம் நான்கு.’ தேதி மார்ச் முப்பது.

அடுத்த பக்கத்தில் என் கையெழுத்து.

அண்ணி, என் கடிதம் அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. கழுத்து வலியும் முழங்காலும் வரும் வரிகளைக் கறுப்பு மையால் மறைத்திருக்கிறார்கள், சொந்த உடல்நலம் என்பதால். மற்றதெல்லாம் அப்படியே. ‘அங்கதான் உக்காந்திருக்கா, நீ எதுக்குப் பயப்படுறே.’ ‘நமக்குள்தானே.’ எட்டுப் பேர் என் தோளுக்குமேல் எட்டிப் படித்தார்கள். கீழே குழுவின் குறிப்பு: ‘கேட்டது தவறு. தகவல் தரப்படவில்லை. ஆகவே பங்கேற்கத் தடையில்லை.’ பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் நிற்க வைத்த மாதிரி இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட வேறொன்றுதான் பெரிதாக வந்தது. அந்த நாற்காலிக்காகப் பதினெட்டு வருடம் காத்திருந்தீர்கள். நான் எழுதிய ஒரு வரிக்காக எழுந்துவிட்டீர்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை?

அதற்குமேல் ஒரு எழுத்தும் தெரியவில்லை, போனை மூடிவிட்டேன்.

அன்புடன்
ஊசிமிளகாய் என்று இன்னும் கூப்பிடுவீர்கள் என்றால், ஊசிமிளகாய்


ஜூலை 2

என் ஊசிமிளகாய்க்கு,

சுகம், சுகம், நல்ல சுகம். உன் கடிதத்தை அவசரமாகப் பிரித்ததில் ஓரம் கிழிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் நீ டெண்டரிலிருந்து விலகியிருப்பாய். எனக்காக விலகுகிறேன் என்று நாலு பக்கம் எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? நான் எழுந்துகொண்டது நீ உட்கார்வதற்குத்தான்.

சோதனை அன்று நான் லீவு போடவில்லை. மாடியில் பதிவறையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அங்கிருந்து முற்றம் தெரியாது. எதிர்ச் சுவரில் தண்ணீர் தெறிப்பது மட்டும் தெரியும். ஒரு மணி நேரமும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே குத்தியதில் ஒரு கடிதத்துக்கு ஏழு முத்திரை விழுந்திருக்கிறது. பிறகு கீழிருந்து கைதட்டல் கேட்டது. யாருக்கு என்று தெரியாது. உனக்கு என்று வைத்துக்கொண்டேன்.

இனி உன் அண்ணன் விஷயம். விலகிய அன்று மாலை அவரிடம் சொன்னேன், கடிதத்தை இணைத்ததையும் சேர்த்து. அவர் சொன்ன வரி ஊர் முழுக்கத் தெரியப் போகிறது என்றதும் முகம் சுண்டிப்போயிற்று. “என் தங்கச்சிக்கு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாயில்ல, என்னைக் காட்டிக் கொடுக்க மட்டும் பேப்பர் இருக்கு” என்றார். அதோடு பேச்சு நின்றது. முப்பத்தைந்து நாள். அவர் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பேன், அதைப் போட்டுக்கொள்வார், நன்றாக இருக்கிறதென்று சொல்லமாட்டார். உனக்கு ‘உன் அண்ணனும் சுகம்’ என்று எழுதியபோது இதைத்தான் எழுதாமல் விட்டேன்.

மே மாதம் ஐந்தாம் தேதி காலையில், நான் டீ குடிக்க உட்கார்ந்தபோது ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். நோட்டைப் பார்க்காதே என்று நீ எழுதியது. படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

“நோட்ட நான் எடுத்துப் பாத்துட்டேன்” என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. “எப்ப?”

“அவ வேணாம்னு எழுதறதுக்கு முன்னாலயே. சலவைத் துணிக் கணக்கு. ரெண்டு போர்வை, மூணு தலையணை உறை.”

மதிப்பீட்டு நோட்டைத்தான் மார்ச் முப்பதாம் தேதியே ஆபீஸில் ஒப்படைத்துவிட்டேனே. பீரோவில் இருந்தது வேறு நீல நோட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. “இந்த லெட்டரையும் உன் ஃபைல்ல சேத்துடு” என்றார்.

“உங்க மானம் போகும்.”

“போகட்டும். அவ கேட்டது ஏற்கனவே உன் ஃபைல்ல இருக்கு. அவ வேணாம்னு சொன்னதும் இருக்கட்டும். ஒண்ணு மட்டும் இருந்தா படிக்கிறவன் என் தங்கச்சியத் தப்பா நினைப்பான்.”

ஒரு வெள்ளைத் தாளை வாங்கி, தான் நோட்டைத் திறந்ததையும் அதில் என்ன இருந்தது என்பதையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போர்வை, தலையணை உறை உட்பட. அதைத் துறைக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பக்கம் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நீ அழுதுகொண்டு பாதியில் மூடிவிட்டாய் போலிருக்கிறது. திறந்து படி. உங்கள் கூடத்தில் உரக்கப் படி.

நேற்று முதல் மறுபடியும் என் நாற்காலியில் இருக்கிறேன். அடுத்த கொள்முதல் கையுறை. உனக்குக் கையுறை தைக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தைப்பதென்றால் இப்போதே ஒரு வரி எழுதிவிடு, நான் பதிவறைக்குப் போய் முத்திரைக்கு மை ஊற்றி வைக்கிறேன்.

உன் அண்ணி


அக்டோபர் 12

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அண்ணியும் சுகம். உன் கூடத்தில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பக்கம் முப்பத்திரண்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்களாமே, கேள்விப்பட்டேன். என் டெப்போவிலும் படித்துவிட்டார்கள். ஒரு மாதமாக நான் உள்ளே நுழைந்தால் யாராவது ‘ரெண்டு போர்வை’ என்கிறான். பழகிவிட்டது.

இன்று காலையில் நடந்ததை உனக்கு நானே எழுத வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லிப் பேனாவைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். இந்த வருடத்தின் முதல் பெரிய மழை. ஏழு மணி, பஸ் நிறைய ஆள், வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது. பெரிய கடைத்தெரு சிக்னலில் நிற்கிறேன். ஓரத்தில் ஒரு பெண்மணி அடைத்துக்கொண்ட சாக்கடை வாயைக் கழியால் குத்திக்கொண்டிருந்தாள். மேலே கோட்டு. முதுகில் அந்தக் கீழ்ப்பக்க மடிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுடைய பங்கில் வந்த கோட்டுதான்.

கண்ணாடியை இறக்கினேன். “அம்மா, உள்ள நனையுதா?”

அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். “இல்லியே.”

“முதுகு?”

“காஞ்சிருக்குய்யா. எதுக்குக் கேக்கறே?”

“என் தங்கச்சி தச்சது” என்றேன். பஸ்ஸில் முன்வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. அவள் கழியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். மழை அவள் தொப்பியில் கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்படின்னா உன் தங்கச்சிகிட்ட சொல்லு. கோட்டு நல்லாருக்கு. பாக்கெட்டுதான் சின்னது. கையுறையக் கழட்டினா வைக்க எடமில்ல.”

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்தன, பஸ்ஸுக்குள் ஒருவர் ஆபீஸுக்கு நேரமாகிறது என்றார். அடிக்கட்டும் என்று நின்றேன். எவ்வளவு பெரிதாக வேண்டும், கையால் காட்டம்மா என்றேன். அவள் கையுறையை உதறிக் கழற்றி, விரல்களை நன்றாக விரித்துக் காட்டினாள். ஒரு முழுச் சாண்.

அன்புடன்
அண்ணன்